தியானமும் இளைப்பாற்றியும்



தபசு காலம் தொடங்கும்போதும், ஞான ஒடுக்கம் முடியும்போதும் நம்மில் பலர் ஒரு நல்ல பிரதிக்கினை செய்கிறோம். இனி தினமும் ஒரு மணி நேரம் தியானம் செய்வேன் என்று தீர்மானிக்கிறோம். முதல் வாரம் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து விடுகிறோம். இரண்டாம் வாரம் கண் எரிகிறது. மூன்றாம் வாரம் முழந்தாளில் இருந்தபடியே தலை சாய்கிறது. நாலாம் வாரம் தியானமுமில்லை, பிரதிக்கினையுமில்லை. மிஞ்சுவது மனச்சோர்வு ஒன்றே. இதெல்லாம் குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் ஏற்றது, சம்சாரிகளுக்கு எப்படி முடியும் என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறோம்.

வேறு சிலரோ இதற்கு நேர் எதிர். இன்று களைப்பாயிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்பார்கள். சர்வேசுரன் இரக்கமுள்ளவர், நம் கஷ்டம் அவருக்குத் தெரியாதா என்பார்கள். அந்த நாளை என்பது வருவதேயில்லை. ஆனால் அதே களைப்போடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இரவு பதினொரு மணி மட்டும் விழித்திருக்க அவர்களால் முடிகிறது.

முந்தினவர்கள் தங்கள் சரீரத்தை மறந்தார்கள். பிந்தினவர்கள் தங்கள் ஆத்துமத்தை மறந்தார்கள். இரு சாராரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். ஆகையால் இந்த வாரம் நீங்கள் மனதில் பதிக்க வேண்டிய சத்தியம் இது: செபத்திற்குக் குறித்த நேரமும் சர்வேசுரனுடையது, தூக்கத்திற்குக் குறித்த நேரமும் சர்வேசுரனுடையது. ஒன்றில் திருடி மற்றொன்றுக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

நமதாண்டவர் காட்டிய வழி

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நாவும் ஊரில் ஒரு நாள் சூரியன் அஸ்தமித்த பிறகு வியாதிக்காரரையெல்லாம் ஆண்டவரிடம் கொண்டு வந்தார்கள். ஊர் முழுவதும் வாசலில் கூடி நின்றது. அவ்வளவு வேலைக்குப் பிறகும் அவர் மறுநாள் இருட்டோடே எழுந்து, தனிமையான இடத்திற்குப் போய் செபித்தார். களைப்பைச் சாக்காகச் சொல்லுகிறவர்கள் இதை வாசிக்கட்டும்.

அதே சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். ஊழியத்திற்குப் போன அப்போஸ்தலர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். வருகிற சனமும் போகிற சனமுமாய் அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை. அப்போது ஆண்டவர் அவர்களுக்கு மேலும் ஒரு வேலை கொடுக்கவில்லை. தனித்து வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தார். நாலாம் அதிகாரத்தில் அவரே படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். வெளியே புயல் அடிக்கிறது. உலகத்தை இரட்சிக்க வந்தவர் தூங்குவதற்கு வெட்கப்படவில்லை.

இருட்டோடே எழுந்தவரும் அவரே. படகில் தூங்கினவரும் அவரே. இரண்டிலும் அவர் தம் பிதாவின் சித்தத்தை நிறைவேற்றினார்.

மன்ரேசாவில் கற்ற பாடம்

அர்ச்சியசிஷ்டவர்கள் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தார்கள் என்றுதான் நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் தூங்கக் கற்றுக்கொண்ட சரித்திரத்தைக் கேளுங்கள்.

லொயோலா அர்ச். இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521-ம் வருஷம் பம்பிலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, ஞான புத்தகங்களை வாசித்து மனந்திரும்பினார். மறு வருஷம் மார்ச் மாதத்தில் ஸ்பெயின் தேசத்தில் மன்ரேசா என்னும் ஊருக்கு வந்து, அங்கே சுமார் பதினோரு மாதம் தங்கினார். பிச்சையெடுத்துச் சாப்பிட்டார். தினமும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். நள்ளிரவிலும் எழுந்து செபித்தார். முன்பு தலைமயிரை அழகாக வைத்துக் கொள்வதில் பிரியங்கொண்டிருந்தவர், இப்போது அதை வாராமலும் நகத்தை வெட்டாமலும் விட்டுவிட்டார்.

சில மாதங்களில் அவருக்கு வீண் சஞ்சலம் பிடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்படைந்த பாவங்களையே, சரியாகச் சொன்னேனோ இல்லையோ என்று திரும்பத் திரும்ப நினைத்துக் கலங்கினார். உயிரை மாய்த்துக் கொள்ளும் நினைவும் தமக்கு வந்ததென்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதிலிருந்து விடுதலை பெற ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறு வரை ஒன்றும் உண்ணாமல் உபவாசமிருந்தார். அவருடைய ஆத்தும குரு இதை அறிந்ததும், உபவாசத்தை நிறுத்தும்படி கட்டளையிட்டார். அவர் கீழ்ப்படிந்து சாப்பிட்டார். பிறகு சஞ்சலமும் நீங்கியது.

இதற்குப்பின் நடந்ததுதான் முக்கியம். அவர் படுக்கப் போகும் வேளையில் பெரிய ஞான வெளிச்சங்களும் ஆறுதல்களும் வரத் தொடங்கின. தூங்க வைத்திருந்த கொஞ்ச நேரமும் அதிலேயே போயிற்று. நமக்கு அப்படி வந்தால் என்ன செய்வோம்? மோட்சமே இறங்கி வந்தது என்று விடியுமட்டும் உட்கார்ந்திருப்போம். இஞ்ஞாசியார் அப்படிச் செய்யவில்லை. பகலில் இத்தனை மணி நேரம் செபத்திற்கென்றே கொடுத்திருக்கிறேனே, தூங்க வேண்டிய இந்த வேளையில் இது ஏன் வருகிறது, இது நல்ல அரூபியிடமிருந்து வருகிறதா என்று யோசித்தார். அதை விட்டுவிட்டுத் தூங்குவதே சரி என்று தீர்மானித்தார், தூங்கினார்.

1524-ம் வருஷம் பார்சலோனா நகரில் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். பாடத்தை மனப்பாடம் செய்யும் போதெல்லாம் பக்தியான எண்ணங்கள் பொங்கி வந்தன. பூசையிலும் செபத்திலும் அவ்வளவு தெளிவாக வராதது, பாட வேளையில் மட்டும் வந்தது. இது சோதனை என்று கண்டுகொண்டார். உபாத்தியாயரிடம் போய் உள்ளதைச் சொல்லி, இரண்டு வருஷம் பாடம் கேட்கத் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். பசாசு எப்போதும் பாவத்தைக் காட்டியே நம்மை ஏமாற்றுவதில்லை. சில வேளை நல்லதையே வேளையல்லாத வேளையில் காட்டி ஏமாற்றுகிறது.

இந்த அனுபவம் அவருக்குக் கடைசி வரை உதவிற்று. 1548-ம் வருஷத்தில் காந்தியாப் பிரபுவான பிரான்சிஸ்கு போர்ஜியா மிதமிஞ்சி செபமும் ஒறுத்தலும் செய்து சரீரம் மெலிந்து போனபோது, செப நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். ஆத்துமத்தைப் போலவே சரீரமும் சிருஷ்டிகருடையது, அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன நியாயம். அந்தப் பிரபு பின்னால் சேசு சபையின் மூன்றாவது பெரிய அதிபராகி, அர்ச்சியசிஷ்டவருமானார். இஞ்ஞாசியாரோ, தமது வயிற்றுவலியைச் சாகுமட்டும் சுமந்தார்.

தன்னை உண்மையாகவே அடக்கியாளுகிறவனுக்குக் கால் மணி நேர செபம் போதும் என்றும் இஞ்ஞாசியார் சொன்னதுண்டு. கால் மணி போதும் என்ற பகுதியை நாம் ஆவலோடு பிடித்துக் கொள்வோம். தன்னை அடக்கியாளுகிறவன் என்ற பகுதியையும் சேர்த்துப் பிடித்துக் கொள்ளுங்கள். கோபத்தையும் நாக்கையும் சுய சித்தத்தையும் அடக்காதவன் ஆறு மணி நேரம் முழந்தாளிட்டாலும் தன்னோடுதான் பேசிக் கொண்டிருப்பான்.

பலவகைத் தூக்கம்

அப்படியானால் தியானத்தில் தூங்குவது குற்றமா, இல்லையா? தூக்கத்திலும் வித்தியாசமுண்டு.

எலியாஸ் தீர்க்கதரிசி ஜெசாபேல் இராணிக்குப் பயந்து வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு செடியின் கீழ் படுத்து, சாவே வரட்டும் என்று கேட்டார். சர்வேசுரன் அனுப்பிய சம்மனசு அவரைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக் கொண்டார். சம்மனசு இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். அந்தப் போஜனத்தின் பலத்தால் நாற்பது நாள் நடந்து, ஓரேப் மலையில் ஆண்டவரின் மெல்லிய குரலைக் கேட்டார். முதலில் தூக்கமும் ஆகாரமும், அதன்பின் தரிசனம். மனமொடிந்து கிடக்கிறவர்களுக்குச் சர்வேசுரன் வைத்த ஒழுங்கு அது.

பூங்காவனத்தில் அப்போஸ்தலர்கள் தூங்கியது வேறு. ஆண்டவர் வியாகுலத்தில் இரத்த வேர்வை வேர்க்கும்போது, ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக் கூடாதா என்று இராயப்பரைக் கேட்டார். விழித்திருக்க வேண்டிய வேளையை அவர்கள் விட்டுவிட்டார்கள். அப்போதும் அவர் மனம் தயாராயிருக்கிறது, மாம்சமோ பலவீனம் என்று இரங்கியே பேசினார்.

இன்னும் ஒன்றுண்டு. லிசியே நகர் கார்மேல் மடத்தில் இருந்த அர்ச். குழந்தை தெரேசம்மாள், தான் பல வருஷமாகத் தியான வேளையில் தூங்கிப் போவதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறாள். அவள் வேண்டுமென்று தூங்கவில்லை. வேளைக்குப் போய் முழந்தாளிட்டாள், சரீரம் இடங்கொடுக்கவில்லை. குழந்தை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு அதன்மேல் பிரியம் குறைவதில்லை என்று நினைத்துத் தேறினாள். 24 வயதில், 1897-ம் வருஷம் மரித்த அவளைத் திருச்சபை 1997-ம் வருஷம் வேதபாரகி என்று அறிவித்தது. செபத்தில் தூங்கி விழுகிறோமே, நம்மைச் சர்வேசுரன் தள்ளிவிட்டாரோ என்று அழுகிற தாய்மாரே, இதைக் கேட்டு ஆறுதலடையுங்கள்.

வீட்டில் அனுசரிக்க வேண்டியவை

முதலாவது, கால் மணி நேரம் குறித்துக் கொள்ளுங்கள். அதிகாலையானாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகானாலும், இரவு வேலை பார்க்கிறவர்களுக்கு எழுந்தவுடனானாலும் சரி. தினமும் ஒரே வேளையாயிருக்கட்டும். தியானிக்கப் போகும் சுவிசேஷ வாக்கியத்தை முந்தின இரவே வாசித்து வைத்துப் படுங்கள். காலையில் எழுபவன் இரவில் வேளையோடு படுக்க வேண்டும். தியானத்தின் ஒறுத்தல் காலை அலாரத்தில் அல்ல, இரவில் கைப்பேசியை மூடி வைப்பதில் தொடங்குகிறது.

இரண்டாவது, மனம் வறண்டிருக்கிற நாளில் குறித்த நேரத்தைக் குறைக்காதீர்கள். இஞ்ஞாசியார் அப்படிப்பட்ட வேளையில் சற்றுக் கூடுதலாகவே இருக்கச் சொல்லுகிறார். ஆறுதல் பொங்குகிற நாளில் வீட்டுக் கடமையையும் தூக்கத்தையும் திருடி நீட்டாதீர்கள். நம் மனநிலை கடிகாரத்தை ஆள விடக்கூடாது.

மூன்றாவது, பராக்கு வந்தால் உங்கள்மேல் கோபப்படாதீர்கள். மனதை மெதுவாகக் கையைப் பிடித்து ஆண்டவரண்டை திரும்பக் கொண்டு வாருங்கள். அந்தக் கால் மணியும் இப்படித் திரும்பக் கொண்டு வருவதிலேயே போனாலும் நேரம் வீணாகவில்லை என்பது சம்சாரிகளுக்கு ஞான வழி காட்டிய அர்ச். பிரான்சிஸ்கு சலேசியாரின் போதனை.

நான்காவது, முழங்கால் வலிக்கிறவர்கள் உட்காரலாம். உட்கார முடியாத நோயாளி படுத்தபடியே தியானிக்கலாம். இஞ்ஞாசியாரின் ஞான முயற்சிகளிலேயே இதற்கெல்லாம் இடமுண்டு. தூக்கம் வந்தால் எழுந்து நில்லுங்கள். அப்போதும் முடியாவிட்டால் ஒரு பரலோக மந்திரத்தை மெதுவாகச் சொல்லி, சமாதானமாயிருங்கள். ஆனால் நாள்தோறும் களைப்பு நீங்காமலிருந்தால், அல்லது தூக்கமே வராமலிருந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். வீண் சஞ்சலம் பிடித்தால் ஆத்தும குருவிடம் சொல்லி, அவர் சொல்லுக்குக் கீழ்ப்படியுங்கள். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தனியே வைத்துக் கொள்ளாமல், குருவிடமும் வைத்தியரிடமும் உடனே சொல்லுங்கள்.

ஐந்தாவது, தியான வேளையில் குழந்தை அழுதால், நோயாளி கூப்பிட்டால், எழுந்து போங்கள். செபத்தை விட்டு ஏழையிடம் போகிறவன் சர்வேசுரனுக்காகவே சர்வேசுரனை விட்டுப் போகிறான் என்பது அர்ச். வின்சென்ட் தே பவுல் தம் சகோதரிகளுக்குப் படிப்பித்தது. அப்போஸ்தலரை இளைப்பாற அழைத்துப் போன ஆண்டவரும், கரையில் காத்திருந்த சனத்தைக் கண்டு மனமிரங்கி அவர்களுக்குப் போதிக்கத் தொடங்கவில்லையா?

பிரியமானவர்களே, உங்கள் தியானம் சரியாக நடக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. உங்கள் வீட்டாரைக் கேளுங்கள். தியானம் செய்யத் தொடங்கின பிறகு அம்மாவின் எரிச்சல் குறைந்திருக்கிறதா, அப்பாவின் பேச்சு மிருதுவாயிருக்கிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாதி இரவு செபித்துவிட்டு விடிந்ததும் மருமகள்மேல் சீறினால், அந்தச் செபத்தில் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அப்படியே, எட்டு மணி நேரம் தூங்கியும் ஆண்டவருக்கென்று ஒரு நிமிஷமும் இல்லையென்றால், அந்தத் தூக்கத்திலும் கோளாறு இருக்கிறது.

இந்த வாரத்துப் பிரதிக்கினை: நாள்தோறும் கால் மணி நேரத் தியானம், குறித்த வேளையில் படுக்கை. இரண்டையும் ஒரே கீழ்ப்படிதலாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். நசரேத்தூர் வீட்டில் வேலையும் செபமும் இளைப்பாற்றியும் ஒன்றையொன்று நெருக்காமல் நடத்திய தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக் கொள்வார்களாக. சர்வ வல்லபமுள்ள சர்வேசுரன் பிதாவும் சுதனும் இஸ்பிரீத்துசாந்துவும் உங்கள் விழிப்பையும் தூக்கத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு