சைக்கிளும் ஐபோனும்

"நம்ம பையன் நல்ல பிராண்டா வாங்கிப் போட்டா உங்களுக்கு என்னண்ணே?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பால்மரம் சீவிய குடும்பத்துப் பிள்ளை விலையுயர்ந்த சப்பாத்து போட்டு ஈப்போவில் நடக்கும்போது, "இனி எங்களை யாரும் மட்டமாகப் பார்க்க முடியாது" என்றுதான் சொல்ல நினைக்கிறான். அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் மரியாதை வேறு, பந்தா வேறு.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பிரிட்டிஷ் அரசு ராணுவத்தை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அது என்ன மார்க் சைக்கிள் என்பது அங்கே பேச்சே இல்லை.

அவர்கள் கேட்டது எல்லாருக்கும் கிடைக்கக்கூடியது. ஒருவன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதால் அடுத்தவன் தாழ்ந்துவிடுவதில்லை. பிராண்ட் பந்தா அப்படியில்லை. எல்லார் கையிலும் இருந்தால் அதற்கு மவுசு கிடையாது. பக்கத்தில் இருப்பவனிடம் இல்லாததுதான் அதன் ருசி. அப்படியானால், துரை போன இடத்தில் நாமே ஏறி நின்று, நம்ம பையனையே சைக்கிளை விட்டு இறக்குகிறோம் இல்லையா?

பகவத் கீதையின் 16ஆம் அத்தியாயம் அசுர குணங்களை எண்ணும்போது முதலில் சொல்வது டம்பத்தைத்தான், செல்வத்தை அல்ல.

கணக்கையும் பார்ப்போம். இன்று நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 5,000 வெள்ளி ஐபோன் என்றால் ஏறக்குறைய 3 மாத உழைப்பு. அதையும் தவணையில்தான் பலர் வாங்குகிறோம். நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களும் சிறுகச் சிறுகத்தான் பணம் கட்டினார்கள். அவர்கள் சேர்ந்து வாங்கியது தோட்டங்களை!

நல்ல பொருள் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்த காசு, தரமானதை வாங்குங்கள், நீண்டநாள் உழைக்கும். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது இல்லாதவன் உங்கள் பக்கத்தில் உட்காரக் கூசுகிறானா? தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் சன்னிதியில் நாம் எல்லாரும் வெறுங்காலோடுதான் நிற்கிறோம். அந்தச் சமத்துவம் கோயிலுக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு நம் கூட்டத்துக்கு வரும் தம்பியும் முன்வரிசையில் கூசாமல் உட்கார வேண்டும். அன்று உயிரைக் கொடுத்துக் கேட்ட மரியாதை அதுதான்.