பாணபத்திரரின் பாக்கி

ஒரு பாட்டைக் கேட்டு மனம் நெகிழ்ந்தோம். அதற்குரிய டிக்கெட்டையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அதற்கப்புறம் பாடியவனுக்கும் நமக்கும் ஏதாவது பாக்கி உண்டா? அவன் பிற்காலத்தில் நொடித்துப் போனால் அதில் நமக்குப் பங்கு உண்டா? அல்லது, கடையில் சாமான் வாங்கியவன் கடைக்காரனின் குடும்ப நிலவரத்தை விசாரிக்க வேண்டியதில்லை என்பதுபோல, நாமும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போய்விடலாமா?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர் டி. ஆர். மகாலிங்கம். சோழவந்தானுக்கு எதிர்க்கரையில், வைகையின் தென்பக்கம் இருக்கிற தென்கரைதான் அவருடைய ஊர். 1924-இல் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே நாடக மேடை ஏறி, கிட்டப்பாவின் பாணியில் பாடிப் பெயர் வாங்கினார். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் கண்ணன் வேஷம். 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’ வந்தது. முருகனாகத் தோன்றிய அந்த இளைஞரின் குரல் தமிழ்நாட்டை ஒரு கலக்குக் கலக்கியது. ‘நாம் இருவர்’, ‘ஞானசௌந்தரி’, ‘வேதாள உலகம்’ என்று அடுத்தடுத்து வெற்றிகள். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளை ஒருவனிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். “புல்லாங்குழல் மாலியா?” என்று கேட்டால் அவன் விஷயம் தெரிந்த பிள்ளை. மற்றவர்கள் அதுகூடக் கேட்க மாட்டார்கள்.

அவருடைய குரல் எந்த உலகத்துக்காக உண்டானது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். மைக் இல்லாத காலத்து நாடகக் கொட்டகை. முன்னால் ஆர்மோனியம். கடைசி வரிசையில், தரை டிக்கெட்டில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒவ்வோர் எழுத்தும் கேட்டாக வேண்டும். அதற்காகவே குரல் உச்சிக்கு ஏறியது; ஏறிய இடத்தில் நடுங்காமல் நின்றது. அமெரிக்காவில் பிங் கிராஸ்பி என்பவர் வாத்தியக் கோஷ்டியில் பாடிக்கொண்டிருந்து சினிமாவுக்குப் போனவர். அவர் மைக்கை உறவுக்காரனைப்போல அருகில் வைத்துக்கொண்டு, காதோடு பேசுகிற மாதிரி பாடி ஊரை வென்றார். மைக் வந்த பிறகு உச்சக் குரலுக்கு அவசியம் குறைந்துவிட்டது. நம் ஊரிலும் அந்தக் காற்று வீசியது.

அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றும் வந்தது. ‘ஸ்ரீவள்ளி’யில் வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக்களை எடுத்துவிட்டு, பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து ஒலியைச் சேர்த்தார்கள். ஒரே படத்தில் கதாநாயகன் சொந்தக் குரலில் பாடுகிறான். கதாநாயகி இரவல் குரலில் பாடுகிறாள். மகாலிங்கத்தின் மகத்தான வெற்றிக்குப் பக்கத்திலேயே அவருடைய உலகத்தின் முடிவும் நின்றுகொண்டிருந்தது. வாயசைக்கத் தெரிந்தால் போதும் என்றான பிறகு, பாடத் தெரிந்தவன்தான் நடிக்க வேண்டும் என்ற விதி எப்படி நிலைக்கும்? இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆற்றில் பாலம் கட்டினால் ஓடக்காரன் பிழைப்புப் போகிறது. பாலம் கட்டியவன் பாவியல்லவே!

ஆனால் உலகம் காலத்தின் மேல் பழி போடுவதில்லை. மனிதன் மேல்தான் போடுகிறது. மகாலிங்கம் தம் மகன் சுகுமார் பெயரில் கம்பெனி தொடங்கிச் சொந்தப் படங்கள் எடுத்தார். ‘மச்சரேகை’, ‘மோகனசுந்தரம்’, ‘சின்னதுரை’, ‘விளையாட்டு பொம்மை’ என்று 1950-லிருந்து 1954 வரை படங்கள் வந்தன. சம்பாதித்தது கரைந்தது, கடன் கழுத்தைப் பிடித்தது. பட்டணத்தை விட்டுத் தென்கரைக்கே திரும்பினார்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் இந்தக் கதையை எனக்குத் தம் கடைத் திண்ணையில் வைத்து அலசிக் காட்டினார். பழைய பாட்டுக்களில் அவருக்கு உயிர்.

“தம்பி, அதுவும் ஏலக்கா யாவாரம் மாதிரிதான். வெலை ஏறி நிக்கையிலே வித்துட்டு வீட்டுக்கு வந்துரணும். அவரு என்ன பண்ணுனாரு? வெலை உச்சத்துல தோட்டத்தையே வாங்கப் போனாரு. பொழைக்கத் தெரியலை, தம்பி!”

இப்படித் தீர்ப்புச் சொல்ல அவருக்கு அருகதை இருந்தது. மேலே, போடிமெட்டுக்கு அப்பால் இருக்கிற மலைகளில் விளையும் ஏலம் இந்த ஊர்க் கிடங்குகளில் வந்து குவிகிறது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. இரண்டு மூன்று வருஷங்களில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்று அவர் கண்ணாரக் கண்டவர்.

இருந்தாலும், “பொழைக்கத் தெரியலை” என்ற தீர்ப்பை என் மனம் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. விழுந்தவனைக் காட்டி, “பார், இப்படி ஆகக் கூடாது” என்று சொல்லும்போது, ஏறவே ஏறாத நம் வாழ்க்கைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. பாகவதரின் வீழ்ச்சியையும், சின்னப்பா 35 வயதில் மறைந்ததையும் நாம் எத்தனை தரம் நீதிக் கதைபோலச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அவர்கள் பாடியதை மறந்துவிட்டோம். விழுந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. என்னைப்போலக் கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதில் பங்கு அதிகம். நொடித்துப்போன பாடகன் என்றால் எங்களுக்குப் பேனா தானே ஓடும்!

வேறொரு விதமாகவும் யோசிக்கலாம். ஒருவன் தன் குரலை நம்பி, மைக் இல்லாமல், ஆயிரம் பேர் முன்னால் உச்சத்தில் போய் நிற்கிறான். அங்கே குரல் உடைந்தால் மானம் போயிற்று. அந்தத் துணிச்சலுக்கு நாம் கை தட்டுகிறோம். அதே மனிதன் அதே குரலை நம்பிக் கையிலுள்ளதையெல்லாம் போட்டுப் படம் எடுக்கிறான். இப்போது, “அகங்காரம், அவசரம்” என்கிறோம். இரண்டும் ஒரே குணமல்லவா? கணக்குப் பார்த்து அடியெடுத்து வைக்கிறவனுக்கு அந்தக் குரல் வாய்த்திருக்குமா? குணத்தில் நமக்கு லாபமான பாதியைத் துணிச்சல் என்றும், அவனுக்கு நஷ்டமான பாதியை அறியாமை என்றும் பிரித்து எழுதுவது நேர்மையான கணக்கு ஆகாது.

“டிக்கெட் வாங்கினோம், கணக்குத் தீர்ந்தது” என்ற வாதத்துக்கும் பெரியவரின் கிடங்கிலேயே விடை இருந்தது. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பருமன் வேறு, பச்சை நிறம் வேறு என்று தரம் பிரித்துக் கைகள் பறந்தன. விலை போவது பருமனுக்கும் நிறத்துக்கும். வாசனையோ தோலுக்குள் மூடியிருக்கிறது. பாயசத்தில் போட்டுவிட்டால் ஏலக்காயின் கதை முடிந்தது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் பாக்கியில்லை. பாட்டு அப்படிக் கரைந்து போகிறதா? அந்தப் பெண்களில் ஒருத்தியின் கைப்பேசியில் மகாலிங்கம்தான் பாடிக்கொண்டிருந்தார். அவர் மறைந்தது 1978-இல். அதற்கப்புறம் பிறந்தவள் அவள். அவர் பாட்டுக்கு அவள் காசு கொடுத்ததில்லை. ஆனாலும் அலுத்துப்போன மத்தியான வேளையில் அவளுக்குத் துணையாக இருந்தது அந்தக் குரல். ஒரு தடவை விலை கொடுத்து, தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கிற பொருளுக்குக் கணக்கு எப்படித் தீரும்?

இதைப் பற்றி நம் மதுரைக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 1965-இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வந்தபோது, அதில் பாணபத்திரராக நடித்தவர் மகாலிங்கம். ஹேமநாத பாகவதரோடு போட்டியிட முடியாமல் கலங்கிய பாணபத்திரருக்காக, சொக்கநாதர் விறகு விற்பவனாக வந்து பாடி, ஹேமநாதரை இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓட வைக்கிறார். அந்தப் படத்தில் ஹேமநாதரான பாலையாவுக்குப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. விறகு விற்பவரான சிவாஜிக்குப் பாடியவர் சௌந்தரராஜன். அந்தக் கட்டத்தின் மூன்று பாடகர்களில் சொந்தக் குரலோடு நின்றவர் மகாலிங்கம் ஒருவரே. ஆனால் கதையிலே அவர்தான், வேறொருவர் பாடி ஜெயித்துக்கொடுக்க வேண்டிய பாடகர்! காலம் எப்படியெல்லாம் வேடிக்கை செய்கிறது!

படம் அங்கே முடித்துக்கொள்கிறது. பரஞ்சோதி முனிவரின் புராணம் அத்தோடு விடவில்லை. விறகு விற்ற படலத்துக்கு அடுத்தது திருமுகம் கொடுத்த படலம். போட்டியில் ஜெயித்துக் கொடுத்தாயிற்று, இனி அவன் பாடு என்று ஆலவாய் இறைவன் இருந்துவிடவில்லை. பாணபத்திரர் வறுமைப்படுவதைப் பார்த்து, சேரமான் பெருமாளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். பதினோராந் திருமுறையின் முதல் பாட்டு அந்தக் கடிதம்தான். யாழைத் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து மேற்கே நடந்த பாணருக்கும் இந்த மலைத் தொடர் குறுக்கே நின்றிருக்கும். அவர் எந்தக் கணவாய் வழியாகப் போனார் என்பது பெரிதல்ல. பாட்டில் மகிழ்ந்தவனுக்குப் பாடுகிறவனின் அடுப்பைப் பற்றியும் கவலை இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கடவுளுக்கே ஒரு தர்மம் வகுத்தார்களே, அதுதான் பெரிது.

மகாலிங்கத்துக்கும் ஒரு திருமுகம் வந்தது. 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் அவரைக் கதாநாயகனாக்கினார். மார்க்கெட் போன நடிகர் என்று ஊர் ஒதுக்கியவரை நம்பிப் பணம் போட்டார். விசுவநாதன்-ராமமூர்த்தி இசையில் அந்தக் குரல் மறுபடியும் பட்டிதொட்டியெல்லாம் கேட்டது. கவிஞர் இரக்கப்பட்டு நன்கொடை திரட்டியிருக்கலாம். அவர் கொடுத்தது பாட்டு. கலைஞனுக்குக் கைமாறு செய்யும் முறைகளில் இதைவிட உயர்ந்தது எனக்குத் தெரியவில்லை. ‘அகத்தியர்’, ‘ராஜராஜ சோழன்’ வரையில் அவர் பாடிக்கொண்டிருந்ததற்கு அந்த நம்பிக்கை வழி செய்தது.

நம்மில் எல்லோரும் படம் எடுக்க முடியாது, சேரமான்களும் அல்ல. ஆனால் பாக்கி நம் பேரிலும் இருக்கிறது. பரிதாபப்பட்டு அதைத் தீர்க்க முடியாது. பரிதாபத்தில் நாம் உயர்ந்து நிற்கிறோம். அவரைக் கீழே நிறுத்துகிறோம். அவர் எவ்வளவு தொலைத்தார் என்று பேசுவதைக் குறைத்து, எப்படிப் பாடினார் என்று பேசலாம். போடிக் கிடங்கில் கைப்பேசிப் பாட்டைக் கேட்ட ஒரு சின்னப் பெண், “யாருக்கா இது, இம்புட்டு மேல போயிப் பாடுறது?” என்று கேட்டாள். மூத்தவள் பொறுக்குகிற கையை நிறுத்தவில்லை. “டி. ஆர். மகாலிங்கம்டி, தென்கரைக்காரரு” என்றாள். பாக்கியில் ஒரு தவணை அங்கே கட்டப்பட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.