வேதாளனுக்கு முரசடித்தவர்கள்

லீ ஃபால்க் 1936இல் படைத்த வேதாளன், 1964இல் இந்திரஜால் காமிக்ஸில் வந்தான். ராணி காமிக்ஸில் அவன்தான் மாயாவி. வடகரையில் அட்டை கிழிஞ்ச புத்தகங்களில் அவனைப் படிச்சோம்.

காட்டை ஆள்வது ஒரே வெள்ளைக்காரக் குடும்பம். இருபத்தொரு தலைமுறையாக அப்பனுக்குப் பிறகு மகன். சேதி சொல்ல முரசடிப்பது கறுத்த சனங்க. பிறப்பால் ஒருத்தன் காவலன், பிறப்பால் ஒருத்தன் முரசடிக்கிறவன். ஊரில் இதற்குப் பேர் சாதி. அதை எதிர்த்த நாமே புத்தகத்துக்குள்ள கைதட்டினோம்.

குற்றாலம் மலையில் பளியர் இருக்காங்க. காடு அவங்களுக்குத் தெரியும். ஆனாலும் காட்டுக்கு நாயகன்னா வெள்ளை முகமே நினைவுக்கு வந்தது.

கதையை ரசிச்சது தப்பில்லை. முரசடிச்சவன் முகத்தில் நம்ம தாத்தாவை அடையாளம் காண ஏன் இத்தனை வருசம் ஆச்சு?