கேள்வியும் கருவியும்

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. காது கொடுத்துக் கேட்பதும் கேள்வி, எதிரில் இருப்பவரை நிறுத்திக் கேட்பதும் கேள்வி. திருக்குறளில் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. பத்துக் குறளும் முதல் அர்த்தத்தில்தான்: கற்றவர் சொல்வார், மற்றவர் செவி கொடுக்க வேண்டும். நம் பள்ளிக்கூடங்களும் அந்த முதல் அர்த்தத்தோடு நின்றுவிட்டன. இரண்டாவது அர்த்தத்துக்கு அங்கே வேறு பெயர்: 'வாய் நீளுது'. யார் வாய் நீண்டால் அது கெட்டிக்காரத்தனம், யார் வாய் நீண்டால் அது திமிர் என்பதை இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கல்வி பற்றிப் பேசுகிற மேடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. மாணவர்களைச் சும்மா கேட்பவர்களாக வைத்திருக்கக் கூடாது, பங்கேற்பவர்களாக மாற்ற வேண்டும், தொழில்நுட்பம் அதைச் செய்யும் என்கிறார்கள். நல்லது, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மருந்து கொடுக்கிறவர் நோய் என்னவென்று கேட்க வேண்டாமா? இந்தப் பிள்ளைகளை வாய்மூடி உட்கார வைத்தது யார்?

சேரிப் பிள்ளை பிறவியிலேயே சும்மா இருக்கிற பிள்ளை இல்ல. ஏழு வயசுல மாட்டப் புடிச்சுக் கட்டும். தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டே சோறாக்கும். பறைய எவ்வளவு நேரம் தீயில காட்டணும்னு ஒரு தட்டுத் தட்டிப் பாத்துச் சொல்லும். எல்லாம் செஞ்சு கத்துக்கிட்டது. அதே பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்ததும் கல்லாகிவிடுகிறது என்றால், அந்த மவுனம் அதன் இயல்பு அல்ல. அதுவும் ஒரு பாடம். ஊர் நடத்திய பாடத்தைப் பள்ளி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறது.

நான் படித்த பள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. ஆய்வு நாளில் அதைத் துடைத்து மேசை மேல் வைப்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் வேலை. குனிந்து பார்ப்பது முன் பெஞ்சுக்காரர்களின் வேலை. கணிப்பொறி வந்தபோதும் அதே கதை. அறையைக் கூட்டினோம், துணி போட்டு மூடினோம், பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்தோம். தொழில்நுட்பம் எங்கள் பள்ளிக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தது. எங்கள் கைக்குத்தான் வரவில்லை.

அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது நடந்த ஒன்றை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் பதிவு செய்திருக்கிறார். கரும்பலகையில் கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கூப்பிட்டார். உடனே வகுப்பே கூச்சல் போட்டது. சாதி இந்துப் பிள்ளைகள் தங்கள் சோற்றுப் பாத்திரங்களைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கரும்பலகைதான் வகுப்பறையின் தொழில்நுட்பம். கருவி இருந்தது, ஆசிரியர் அழைத்தார், மாணவர் எழுந்தும் போனார். இன்று 'பங்கேற்பு' என்று சொல்கிறவர்கள் கேட்பது எல்லாமே அங்கே இருந்தது. தீட்டும் கூடவே இருந்தது. பலகையை எடுத்துவிட்டுத் தொடுதிரையை மாட்டினால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கை மாறிவிடுமா?

அதற்காகக் கருவியால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் அதுவும் பொய். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுபோனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அதில் பங்கெடுத்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், ஆண்களின் அசிங்கமான கேலிகளைத் தாண்டி மிதித்துப் போனார்கள். சைக்கிள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ஏறியவள்தான் அதை ஓட்ட வேண்டியிருந்தது.

பிரேசிலில் ஆங்கிகோஸ் என்ற ஊரில் 1963இல் பாவ்லோ ஃப்ரெய்ரே ஏறக்குறைய 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். அவர் முறையில் ஸ்லைடு புரொஜெக்டருக்கு முக்கிய இடம் உண்டு. அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்த காட்சி சுவரில் விழும். அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்கள் பார்க்க வந்தவர்கள்தான், ஆசிரியர் அல்ல. எழுத்து அந்தப் பேச்சிலிருந்து வந்தது. அன்று பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை கிடையாது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெய்ரேவைச் சிறையில் போட்டது ஏன் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். புரொஜெக்டரைப் பார்த்து எந்த ராணுவமும் பயப்படாது.

நம்மிடம் நடந்தது என்ன? 2011 முதல் மடிக்கணினி கொடுத்தார்கள். 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அதுதான் பல பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பறை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிவி பொட்டிகிட்ட போயி 'சார், புரியல'ன்னு சொல்ல முடியுமா? கேள்வியின் முதல் அர்த்தம் வீடு வரைக்கும் வந்தது. இரண்டாவது அர்த்தம் வரவில்லை.

எங்கள் தெருவில் மாலைப் பள்ளி நடத்துகிறேன். இருப்பது ஒரே ஒரு பழைய செல்போன். அதில் பாடம் போட்டுக் காட்டுவதை விட்டுவிட்டு, 'உங்க தாத்தா ஆயாகிட்ட பேசிப் பதிவு பண்ணிக்கிட்டு வாங்க' என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி, பண்ணையில் வேலை செய்த தன் ஆயாவிடம் கேட்டிருக்கிறாள்: "கூலி கம்மின்னு தெரிஞ்சும் ஏன் ஆயா போன?" கிழவி வெகுநேரம் பேசவே இல்லை. பதிவில் கோழிச் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு, "போவலன்னா அடுப்பு எரியாது, போனா மானம் எரியும். நீதான் சொல்லேன், எதுக்குப் போறது?" என்கிறாள். அதைப் போட்டுக் காட்டிவிட்டு அந்தப் பெண் என்னைக் கேட்டாள்: "அக்கா, இது ஏன் சமூக அறிவியல் புக்ல இல்ல?"

இதைத்தான் நான் பங்கேற்பு என்கிறேன். பொத்தானை அழுத்திச் சரியான விடையைத் தொடுவது பங்கேற்பு அல்ல. விடை ஏற்கெனவே வேறொருவரால் முடிவு செய்யப்பட்டிருந்தால், தொடுகிற விரலும் கேட்கிற காதுதான்.

இன்னொரு வாதமும் உண்டு. திரைக்குப் பின்னால் முகம் தெரியாது, சாதி தெரியாது, அதனால் நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்பார்கள் என்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் ஊரடங்கு நாட்களில், அப்பா வேலை முடிந்து போனைக் கொண்டுவந்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு எனக்குக் குரல் பதிவில் கணக்குக் கேட்டிருக்கிறான். ஆனால் முகத்தை மறைத்தால்தான் கேட்கலாம் என்பது உரிமையா, சலுகையா? மேலும் திரை ஒன்றும் சாதி இல்லாத நாடு அல்ல. வாட்ஸ்அப் முகப்புப் படத்திலேயே சாதியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதில் சம்பந்தப்பட்டவர்கள் உடன் படித்த மாணவர்கள். எந்தச் செயலி அந்த வகுப்பறையைத் திருத்தும்?

ஒருவர் கேட்கிறார் என்றால், பதில் சொல்லக் கடமைப்பட்ட இன்னொருவர் இருக்க வேண்டும். அறநெறிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. மாணவர் மாற வேண்டும் என்று பேசுகிற நாம், கேட்கப்படுகிறவர் மாற வேண்டும் என்பதைப் பேசுவதில்லை. நம் பிள்ளை எழுந்து நின்று 'இது ஏன் புத்தகத்தில் இல்லை' என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார், ஊர் என்ன செய்யும், பாடநூல் எழுதுகிறவர் என்ன செய்வார்?

அதனால் தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக ஒரு கருவி வந்தால் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளை அதைத் தொட்டதா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். அது கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்றும் கேளுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். அங்கே நம் வாயும் கொஞ்சம் நீளட்டும்.