ஏறாத வௌச்சர்

சரித்திரப் படமென்றால் நம் விமர்சகர்கள் உடையையும் வாளையும் சரிபார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஐஸன்ஸ்டீனின் 'அக்டோபர்' (1928) இந்தப் பரீட்சையில் தேறிவிடும். அரண்மனை அசல், லெனினாக வருபவர்கூட உருவ ஒற்றுமைக்காகத் தேடிப்பிடித்த தொழிலாளி. 1917இல் அதிகம் ரத்தம் சிந்தாமல் விழுந்த குளிர்கால அரண்மனையைப் படம் மகாயுத்தமாக்கியது. இந்த மிகை என்னை உறுத்தவில்லை. கலைஞனுக்கு அவ்வளவு உரிமை உண்டு. ஆனால் 1927 நவம்பரில் த்ராட்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வரும் காட்சிகளில் பல வெட்டப்பட்டன.

பாங்க் குமாஸ்தாவுக்கு இது புரியும். ஒரு பக்கம் தொகையைத் தப்பாக எழுதினால் மாலையில் டேலி ஆகாது, அகப்பட்டுவிடும். பற்று, வரவு இரண்டிலுமே ஏறாத டிரான்ஸ்ஃபர் வௌச்சர் அகப்படாது. கணக்கு அழகாக நேராகும்.

நாம் சிலாகிக்கும் எடிட்டிங்கில் இந்த வெட்டும் சேர்த்திதான். வெட்டி ஒட்டியவரும் ஐஸன்ஸ்டீனே.