கண்டு கடந்தோரும் கண்டு நின்றவரும்

ஊர் பார்க்கப் புறப்படுவது மனிதனுக்கு இயல்பான ஆசை. கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளிலும் பேருந்து ஏற்பாடாகிவிடுகிறது. வாய்ப்பும் வசதியும் உள்ளோர் ஐரோப்பிய நகரங்களையும் கண்டு வருகின்றனர். இதில் குறை காண நாம் முற்படவில்லை. படைப்பின் அழகையும் மனிதனின் கைத்திறனையும் கண்டு மகிழ்வது இறைவனுக்கு ஏற்புடையதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஓர் ஊரைப் பார்ப்பது என்றால் என்ன?

லூக்கா நற்செய்தியின் இருபத்தொன்றாம் அதிகாரம் இக்கேள்விக்கு ஒளி தருகிறது. எருசலேம் ஆலயத்தின் அழகிய கற்களையும் நேர்ச்சைப் பொருள்களையும் சிலர் வியந்து பேசுகின்றனர். அதற்குச் சற்று முன்னரே இயேசு, அதே ஆலயத்தில் இரு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணைக் கண்டிருந்தார். ஒரே ஆலயம், ஒரே நாள். அவர்கள் கல்லைக் கண்டார்கள். அவர் ஆளைக் கண்டார். அந்நகரை நெருங்கியபோது அவர் கண்ணீர் விட்டதையும் அதே நற்செய்தி கூறுகிறது. அவர் எருசலேமை நேசிக்காதவர் அல்லர். நேசித்ததனால்தான் கோபுரத்தோடு அதன் காயத்தையும் அவரால் காண முடிந்தது.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து கரிசல் காடுகளினூடே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவில் அங்கே நிற்கிறது. விமானம் முழுமை பெற்றுப் பொலிய, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட ஒற்றைக்கல் தளி அது. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் காணப்படுகின்றன. ஆசிரியர், மாணாக்கர், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் ஆகியோரின் பெயர்களையும் அங்கே காணலாம். சமணப் பள்ளி மறைந்துவிட்டது. அவர்கள் பெயரைக் கல் மறக்கவில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நாம் மலையிலிருந்து இறங்குகிறோம். கீழே தேரோடும் தெருக்கள். அவற்றில் நம்மைத் தடுப்பார் எவருமில்லை. ஆனால் அத்தெருக்களில் ஊர்வலம் செல்லும் உரிமை ஒரு காலத்தில் நாடார் சமூகத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்தது. வழக்கு மன்றமும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அவர்களுள் பலர் கத்தோலிக்க மறையைத் தழுவினர். 1895-ஆம் ஆண்டு பங்குனித் திருவிழாவில், தேரோட்டத்தையொட்டி மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் பறிபோயின. மலைமேல் உள்ள பெயர்களைப் படித்துப் பார்க்கும் நாம், தெருவில் மாண்டோரின் பெயர்களைக் கேட்பதுண்டா?

ஜெர்மனி நாட்டின் வைமர் நகரமும் இதே கேள்வியை இன்னும் கடுமையாக எழுப்புகிறது. கதேயும் ஷில்லரும் வாழ்ந்து எழுதிய நகரம் அது. 1999-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகத் திகழ்ந்தது. அதன் அருகிலுள்ள எட்டர்ஸ்பர்க் குன்றின்மேல், 1937 முதல் 1945 வரை பூகன்வால்டு வதைமுகாம் இயங்கியது. ஏறத்தாழ 56,000 பேர் அதில் மடிந்தனர். தடையை மீறித் திருமுழுக்கு தொடர்பான பணியைச் செய்ததற்காக 1940-இல் அங்கே கொல்லப்பட்ட ஓட்டோ நொய்ரூரர் என்னும் குருவைத் திருச்சபை 1996-இல் அருளாளராக உயர்த்தியது. முகாம் விடுவிக்கப்பட்ட பின்னர், 1945 ஏப்ரலில், அமெரிக்கப் படையினர் வைமர் மக்களை அங்கே நடத்திச் சென்று பிணக் குவியலைப் பார்க்கச் செய்தனர். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றனர் பலர். உயர்ந்த இலக்கியம் பிறந்த நகருக்கும் அந்தக் குன்றுக்கும் இடையே இருந்தவை சில கிலோமீட்டர்களே.

வைமரின் கொடுமையையும் கழுகுமலையின் கலவரத்தையும் ஒரே தராசில் வைப்பது நம் நோக்கமன்று. அளவிலும் தன்மையிலும் அவை வேறு வேறு. பண்பாடு மட்டும் ஒருவனுக்குப் பார்வை தந்துவிடாது என்பதே இரண்டும் சேர்ந்து நமக்குச் சொல்லும் செய்தி.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "மகிழ்ச்சிக்காகச் சென்ற இடத்தில் ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும்? பழைய பகையைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதாகாதா?" நியாயமான அச்சமே. நினைவு இரு வகைப்படும். அடித்தவனின் பேரனைத் தேடும் நினைவு ஒன்று. அது பழிவாங்கலின் பிள்ளை. அதே அநீதி இன்று நம் கையால் நடக்கிறதா என்று தேடும் நினைவு மற்றொன்று. அது மனந்திரும்புதலின் தாய். முன்னதை விலக்குவோம். பின்னதை விலக்கினால் நமக்கு மனச்சான்று எதற்கு?

இரண்டாம் வகை நினைவு நம்மை நம் வீட்டு வாசலுக்கே அழைத்து வந்துவிடும். கழுகுமலையில் நம்மவர் வழி மறுக்கப்பட்டவர்கள். ஆனால் வடக்கன்குளத்தில்? அங்குள்ள திருக்குடும்ப ஆலயத்தினுள் இறைமக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்திய தடுப்பு 1910-ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டது. அது மீண்டும் வேண்டும் என்று வழக்காடியவர்களும் கத்தோலிக்கரே. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களது கோரிக்கையை ஏற்க மறுத்தது. தெருவில் உரிமை கேட்ட அதே நூற்றாண்டு மக்கள், பலிபீடத்தின் முன்னே பிறருக்கு உரிமை மறுத்திருக்கிறார்கள். தடுப்பு போய்விட்டது. கல்லறைத் தோட்டத்திலும், சப்பரம் செல்லும் பாதையிலும், திருவிழா வரிக் கணக்கிலும் அதன் நிழல் போய்விட்டதா? இதற்கு ஒவ்வொரு பங்கும் தானே விடை கூறட்டும்.

காயத்தை மட்டுமே பார்ப்பதும் குறைப் பார்வைதான். இதே கரிசல் மண்ணில் எட்டயபுரம் இருக்கிறது. 1882-இல் பாரதி பிறந்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும், 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருப்பதும் அங்கேதான். நபிகளின் வாழ்வைப் பாடியவரும் தேவியைப் பாடியவரும் ஒரே ஊர் மண்ணில் உறங்குகின்றனர். சற்றுத் தொலைவில் காமநாயக்கன்பட்டி. இத்தாலியில் பிறந்து தமிழுக்கே தம்மைத் தந்த வீரமாமுனிவர் பணியாற்றிய தலம். ஆகஸ்டு 15-ஆம் நாள் பரலோக அன்னையின் திருவிழாவுக்கு அங்கே பிற சமயத்தாரும் வருகின்றனர். வானம் பார்த்த இப்பூமி பகையை மட்டும் விளைவிக்கவில்லை.

நல்ல சமாரியர் உவமையில் குருவும் லேவியரும் அடிபட்டவனைக் காணாமல் போகவில்லை. இருவரும் கண்டார்கள், கண்டு விலகிச் சென்றார்கள். சமாரியரும் கண்டார்; பரிவு கொண்டு அருகில் வந்தார். கண்கள் மூவருக்கும் ஒன்றே. கால்கள் எந்தப் பக்கம் திரும்பின என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே அடுத்த முறை நம் இளைஞர்களைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்வோர், மலைமேல் ஒரு மணி நேரம் செலவிட்டால், தேரடித் தெருவில் பத்து நிமிடமாவது நிற்கட்டும். சிற்பியின் உளியைப் பற்றிச் சொன்ன அதே குரலில், இங்கே நடக்கவும் ஒரு காலத்தில் சிலருக்கு வழியில்லாதிருந்தது என்று சொல்லட்டும். எவரையும் பழிக்க வேண்டா. நம் ஊரில் இன்று யாருக்கு எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.