அநாதை மருந்து

இலட்சத்தில் ஒருவர் இருவருக்கு வரும் நோய்க்கு ஊரார் பணத்தைச் செலவிடுவது நியாயமாகுமா? அப்பணத்தால் ஏழைகள் பலருடைய காய்ச்சலையும் காசத்தையும் தீர்க்கலாகாதா? இவ்வாறு வினவுவோர் கல்நெஞ்சர் அல்லர், கணக்கறிந்தவர்களே. ஆகவே, அவர்களுக்கு விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

பி.என்.எச். என்னும் இரத்த நோயைப் பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் சிவப்பணுக்கள் தம்மைக் காக்கும் கவசமின்றிப் பிறக்கின்றன. கிருமிகளை அழிக்க வேண்டிய உடலின் காவற்படையே அவற்றை உடைத்தெறிகின்றது. சிறுநீர் கருக்கிறது, நாளங்களில் இரத்தம் உறைகிறது. இதனை விதியென்று விட்டிருந்தால் மருந்து பிறந்திராது. 1993ல் ஆராய்ச்சியாளர் இந்நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையைக் கண்டனர். 2007ல் எக்குலிசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நோயை வேரறுப்பதில்லை. இரு வாரத்துக்கொரு முறை நாளத்தில் ஏற்றிவர, அழிவைத் தடுக்கும். 2010ல் அதன் விலையோ, ஒருவருக்கு ஓராண்டுக்கு 4 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல்!

பிறர் மஜ்ஜையை ஏற்றுக்கொண்டவர்களிற் சிலருக்கு ஈரலின் நுண்ணிய நாளங்கள் அடைபடும். அதற்குரிய டெபைப்ரோடைடு 2013ல் ஐரோப்பாவிலும் 2016ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இத்தகையவற்றை ‘அநாதை மருந்துகள்’ என்பர். வாங்குவோர் சிலரே யாதலின், செய்வோர் முன்வந்திலர். அதனால் 1983ல் அமெரிக்கா ஒரு சட்டமியற்றி, அவற்றைச் செய்வோருக்கு 7 ஆண்டுத் தனியுரிமையும் வரிச்சலுகையும் அளித்தது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொதுமக்களின் சட்டமே தந்தையாய் நின்று வளர்த்த மருந்துக்கு, விற்பவர் கூறியதே விலையாவது எங்ஙனம் தகும்? பொதுப்பணம் அளவுடையது என்பது மெய். அப்படியாயின் விலைக்கு வரம்பு கட்டுக, உயிருக்குக் கட்டற்க.

நமது சங்கங்களின் மரண சகாய நிதிக்குச் சந்தா செலுத்துகிறோம். முதலில் இறப்பவர் யார், அவர் எத்தனை வெள்ளி கட்டினார் என்று கணக்குப் பார்ப்பதில்லை. அரிய நோயும் அத்தகையதே. அது எவ்வீட்டுக் கதவைத் தட்டுமென முன்னறிவார் இலர். எனவே, நலமுள்ளோர் கொடுப்பது பிச்சையன்று; தமக்கும் சேர்த்த காப்பே. சிங்கப்பூரில் 2019ல் அரிய நோய் நிதி நிறுவப்பட்டபோது, மக்கள் 1 வெள்ளி ஈந்தால் அரசாங்கம் 3 வெள்ளி சேர்ப்பதென ஏற்பாடாயிற்று.

இறந்தவர் வீட்டுக்குத் தவறாது பணம் கொண்டு செல்லும் நாம், இறவாமற் காப்பதற்கும் ஒரு வெள்ளி எடுத்து வைத்தலாகாதா? அன்பர்களே, சிந்தியுங்கள்.